ஒரு ஓவியமும் கொஞ்சம் வில்லங்கமும்

திருட்டுப் பொருள் எத்தனை வருஷம் கழிச்சு திருட்டுப் பொருளா இல்லாம போகும்?

"என்னய்யா கேள்வி இது, திருட்டு திருட்டுதானே"ன்னு சொல்வீங்க. ஆனா இதுக்கு ஒரு நாட்டுச் சட்டம் "ஆறு வருஷம்"னு பதில் சொல்லுது. இன்னொரு நாட்டுச் சட்டம் "எந்தக் காலத்திலும் இல்லை"ங்குது. இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு ஓவியம் இருபது வருஷமா கோர்ட்டுப் படி ஏறி இறங்கியிருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

ஓவியத்தோட பேரு "ரூ சேன்ட் ஒனோரே, பிற்பகல், மழை நேரம்". வரைஞ்சவர் காமில் பிஸாரோ. வருஷம் 1897. வயசான காலத்துல அவருக்குக் கண்ணுல தொடர்ந்து தொந்தரவு. வெளியில காத்துலயும் தூசியிலயும் உட்கார்ந்து வரைய முடியலை. அதனால பாரிஸ்ல ஒரு ஹோட்டல் ரூமை வாடகைக்கு எடுத்து, ஜன்னல் வழியா தெரிஞ்ச தெருவையும் சதுக்கத்தையுமே திரும்பத் திரும்ப வரைஞ்சார். வெயில்ல ஒண்ணு, காலை நேரத்துல ஒண்ணு, மழையில ஒண்ணுன்னு மொத்தம் 15 ஓவியம். அதுல மழையில வரைஞ்சதுதான் நம்ம கதாநாயகி.

சில வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் வேலையா மாட்ரிட் போனப்ப, ஞாயித்துக்கிழமை லீவுல இதை நேர்ல பார்த்தேன். தைஸன்-போர்னமிஸா மியூசியத்துல இருக்கு. அப்படி ஒண்ணும் பெருசு இல்லை. 81 செ.மீ. உயரம், 65 செ.மீ. அகலம். நனைஞ்ச ரோடு, குதிரை வண்டிகள், குடை பிடிச்சுக்கிட்டுப் போற ஜனங்க, இலை உதிர்ந்த மரங்கள், ஒரு நீரூற்று. வானம் சாம்பல் கலர். ஆனா தெரு முழுக்க ஒரு வெளிச்சம் பரவியிருக்கும் பாருங்க, மழை விட்டும் விடாம இருக்கிற நேரத்துல வருமே, அந்த வெளிச்சம். ஓவியம் பத்தி எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. இருந்தும் பத்து நிமிஷம் அங்கேயே நின்னேன்.

ரூமுக்குத் திரும்பி வந்து, இதை வரைஞ்சவர் பத்தி படிக்கலாம்னு உட்கார்ந்தவன், படம் கைமாறின கதையில போய் விழுந்தேன். அதுக்கப்புறம் அந்த வெளிச்சத்தை முன்ன மாதிரி நினைச்சுப் பார்க்க முடியலை.

1900-ல் இந்த ஓவியத்தை வாங்கியவர் ஜூலியஸ் காஸிரர். ஜெர்மனியில் நல்ல வசதியான யூதக் குடும்பம். பெர்லினில் பிரெஞ்சு நவீன ஓவியங்களை ஜெர்மன்காரர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் இந்தக் குடும்பத்தின் கேலரிக்குப் பெரிய பங்கு உண்டு. தத்துவவாதி எர்ன்ஸ்ட் காஸிரரும் இந்தக் குடும்பம்தான். ஜூலியஸுக்கு அப்புறம் குடும்பச் சொத்தாக வந்து, 1926-ல் மருமகள் லில்லியின் கைக்கு வந்தது. ஹாலில் இந்தப் படம் மாட்டியிருக்கிற ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கு. சோபா, மேஜை, சுவத்துல பிஸாரோவின் மழைத் தெரு. லில்லியின் ஒரே மகள் சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன பையன் க்ளோட். பாட்டி வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டே வளர்ந்த பிள்ளை. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க.

அப்புறம் 1933. ஹிட்லர். அதுக்கு மேல என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா "நாஜிகள் ஓவியங்களைக் கொள்ளையடித்தார்கள்"னு ஒரே வரியில படிக்கிறப்ப, என்னமோ பட்டாளம் வந்து கதவை உடைச்சு எடுத்துட்டுப் போன மாதிரி நமக்குத் தோணும். அப்படியும் நடந்துச்சுதான். ஆனா நிறைய கொள்ளை ரசீது போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மதிப்பீட்டாளர் கையெழுத்தோட ஒழுங்கு மரியாதையா நடந்தது. 1938 ஏப்ரல்ல 5,000 மார்க்குக்கு மேல சொத்து உள்ள யூதர்கள் எல்லாரும் சொத்துப் பட்டியல் கொடுக்கணும்னு உத்தரவு. நாட்டை விட்டுப் போகணும்னா அதுக்குத் தனி வரி. போறவங்க என்ன பொருளை எடுத்துட்டுப் போகலாம்ங்கிறதுக்கும் அதிகாரிகளோட அனுமதி வேணும்.

1939-ல் லில்லியும் அவருடைய இரண்டாவது கணவரும் முனிச்சில் இருந்தார்கள். ஜெர்மனியை விட்டுக் கிளம்ப முடிவு பண்ணியாச்சு. அவங்க வீட்டுக் கலைப்பொருட்களை மதிப்பிட அரசாங்கம் அனுப்பிய ஆள் ஜேகப் ஷைட்விம்மர்ங்கிற ஓவிய வியாபாரி. அவர் பிஸாரோவைப் பார்த்தார். "இதை வெளிநாட்டுக்குக் கொண்டு போக விட முடியாது, எனக்கே கொடுத்துடுங்க"ன்னார். விலை 900 மார்க். அந்தக் காலக் கணக்குல சுமார் 360 டாலர். அந்தப் பணத்தையும் கையில கொடுக்கலை. லில்லியால் தொட முடியாத ஒரு முடக்கப்பட்ட கணக்குல போட்டாங்க. மாட்டேன்னு சொன்னா? வெளியேற அனுமதி கிடைக்காது. அவ்வளவுதான். லில்லி கையெழுத்துப் போட்டாங்க. படம் போச்சு, உயிர் தப்பிச்சது. ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட லில்லியின் சகோதரி ஒருத்தர் தெரஸின்ஷ்டாட் முகாமில் கொல்லப்பட்டார். அந்தக் கையெழுத்துக்கு என்ன விலைன்னு இதை வெச்சுத்தான் பார்க்கணும், 900 மார்க்கை வெச்சு இல்லை.

அடுத்தது இன்னும் கொடுமை. ஷைட்விம்மர் இந்தப் படத்தை இன்னொரு யூத சேகரிப்பாளர்கிட்ட கொடுத்துட்டு, பதிலுக்கு மூணு ஜெர்மன் ஓவியங்களை வாங்கிக்கிட்டார். அந்த மனுஷரும் தப்பி ஓட வழி பார்த்துக்கிட்டிருந்தவர்தான். அவர் கிட்டேர்ந்து கெஸ்டபோ படத்தைப் பறிமுதல் பண்ணிடுச்சு. ஆக ஒரே படம், நாலைஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு யூதக் குடும்பத்துக்கிட்டேர்ந்து பறிபோயிருக்கு. 1943-ல் பெர்லின் ஏலத்தில் யாரோ ஒருத்தர் 95,000 மார்க் கொடுத்து எடுத்தார். லில்லிக்கு எழுதின விலையைப் போல நூறு மடங்குக்கும் மேல.

போர் முடிஞ்சது. லில்லி சும்மா இருக்கலை. 1948-லயே முறைப்படி மனு போட்டாங்க. ஜெர்மனியில் அமெரிக்கர்கள் அமைத்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954-ல், ஓவியத்தின் சட்டப்படியான உரிமையாளர் லில்லிதான்னு உறுதி செய்தது. தீர்ப்பு கிடைச்சது, படம் எங்கேன்னுதான் யாருக்கும் தெரியலை. குண்டு வீச்சுல எரிஞ்சு போயிருக்கும்னே எல்லாரும் நினைச்சாங்க. கடைசியில 1958-ல் ஒரு சமரசம். மேற்கு ஜெர்மனி அரசு லில்லிக்கு 1,20,000 மார்க் நஷ்ட ஈடு கொடுத்தது. "படம் கிடைச்சாலும் எனக்கு வேண்டாம்"னு அந்த சமரசத்துல லில்லி எழுதிக் கொடுக்கலை. இதை மறந்துடாதீங்க, பின்னாடி வரும். நாலு வருஷம் கழிச்சு, 1962-ல் லில்லி காலமானார்.

சரி, 1958-ல் அந்தப் படம் எங்கே இருந்தது? எரிஞ்சும் போகலை, பெட்டியில தூங்கவும் இல்லை. 1951-லயே அமெரிக்காவுக்குப் போயாச்சு. பெவர்லி ஹில்ஸ் கேலரி ஒண்ணு அதை வரவழைச்சு ஒரு கலிஃபோர்னியா சேகரிப்பாளருக்கு 14,850 டாலருக்கு வித்தது. அடுத்த வருஷமே அது செயின்ட் லூயிஸ் நகரத்தில் இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடுச்சு. அங்கேயே 1976 வரைக்கும் சுவத்துல தொங்கிக்கிட்டிருந்தது.

பேரன் க்ளோட் எங்கே இருந்தார் தெரியுமா? அவரும் 1941-ல் எப்படியோ தப்பிப் பிழைச்சு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கிளீவ்லண்ட் நகரத்தில் போட்டோகிராபர். ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 900 கிலோமீட்டர். ஒரே நாட்டுல, இருபது வருஷத்துக்கும் மேல, பாட்டி வீட்டுப் படமும் பேரனும் இருந்திருக்காங்க. ஒருத்தர் இருக்கிறது ஒருத்தருக்குத் தெரியாது.

1976-ல் நியூயார்க் கேலரி ஒண்ணு மூலமா இதை வாங்கினவர் பாரன் ஹான்ஸ் ஹைன்ரிஷ் தைஸன்-போர்னமிஸா. எஃகுத் தொழில் சாம்ராஜ்யத்தின் வாரிசு. உலகத்துல தனிப்பட்ட மனுஷங்க வெச்சிருந்த பெரிய ஓவியச் சேகரிப்புகள்ல ஒண்ணு அவருடையது. ஆரம்ப காலத்தில் ஹிட்லருக்குப் பணம் கொடுத்து ஆதரிச்சு, பிறகு முரண்பட்டுச் சிறைக்கும் போன ஃப்ரிட்ஸ் தைஸன் இவருக்குப் பெரியப்பா. பெரியப்பா செய்ததுக்கு இவரைப் பழி சொல்ல முடியாதுதான். ஆனா அந்தக் காலத்து ஜெர்மனியில என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லக்கூடிய குடும்பமும் இல்லை.

1993-ல் ஸ்பெயின் அரசு இவர் சேகரிப்பிலிருந்து 775 படைப்புகளை 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மொத்தமா வாங்கி, ஒரு அறக்கட்டளை மூலம் மியூசியம் நடத்துது. நம்ம படமும் அந்த மூட்டையில ஒண்ணு.

இந்த இடத்துல எங்கப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வரணும். அப்பா பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பக்கத்துல ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ரெண்டு ஸ்டூல். நிலம் வாங்க வர்றவங்க பத்திரத்தைக் கையில வாங்கினதும் முன்பக்கத்தைத்தான் படிப்பாங்க. சர்வே நம்பர், நாலு எல்லை, தொகை. அப்பா தாளை முதல்ல திருப்புவார். முத்திரைத்தாளை எந்த வெண்டர் யாருக்கு எந்தத் தேதியில வித்தார், ஆபீஸ்ல யார் ஆஜராகி கையெழுத்து வெச்சாங்க, ரேகை யாரோடது, சாட்சி யாரு, எல்லாம் பின்பக்கத்துலதான் இருக்கும். "முன்பக்கம் விக்கறவன் சொல்றது, பின்பக்கம் நடந்தது"ம்பார். தாய்ப் பத்திரம் இல்லைன்னு ஒருத்தன் சொன்னா, "தொலைஞ்சு போச்சா, தொலைக்கப்பட்டதா?"ன்னு கேட்பார்.

ஓவியத்துக்கும் இதே கதைதான். முன்பக்கம் எல்லாரும் பார்க்கிறது. பின்பக்கம் கேலரி லேபிள், கண்காட்சி லேபிள், சேகரிப்பு நம்பர்னு ஒட்டியிருக்கும். எந்த வருஷம் யார்கிட்ட இருந்தது, எந்த ஊருக்குப் போச்சுன்னு அதை வெச்சுத்தான் கோர்த்துப் பார்க்கணும். "ப்ராவெனன்ஸ்"னு பெரிய வார்த்தை சொல்வாங்க. நம்ம பாஷையில மூலப்பத்திரமும் வில்லங்க சர்டிபிகேட்டும்தான்.

இந்தப் படத்தின் பின்பக்கம் எப்படி இருந்தது? லேபிள்கள் இருந்த இடத்தில் பிய்த்து எடுத்த அடையாளம். ஒரே ஒரு கிழிஞ்ச துண்டு மட்டும் மிச்சம். அதுல "பெர்லின்"ங்கிற ஊர்ப்பேர் தெரியுது. காஸிரர் குடும்பத்தின் கேலரி லேபிளோட மிச்சம்தான் அது. 1897-ல் பாரிஸில் வரைஞ்ச பிஸாரோ, பின்பக்கம் பெர்லின்னு ஒரு துண்டு, மத்த லேபிள் எல்லாம் காணோம், போர்க்காலத்துல யார்கிட்ட இருந்ததுன்னு தாள் இல்லை. எங்கப்பாகிட்ட இப்படி ஒரு பத்திரம் வந்திருந்தா "தம்பி, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு வா"ன்னு அனுப்பியிருப்பார்.

இதை நான் மட்டும் சொல்லலை. 2019-ல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதியே தீர்ப்பில் இதைச் சொன்னார். பாரன் எல்லா எச்சரிக்கை அடையாளமும் கண்ணெதிரே இருந்தும் விசாரிக்காமல் வாங்கினார், அவர் நல்லெண்ணத்தோடு வாங்கினவர் என்று ஏற்க முடியாது என்றார். ஆனா அதே தீர்ப்புல படம் யாருக்கு? மியூசியத்துக்கு!

எப்படின்னு கேட்கறீங்களா? அங்கதான் அந்த ஆறு வருஷம் வருது.

நம்ம ஊர்ல "அனுபவ பாத்தியதை" கேள்விப்பட்டிருப்பீங்க. அடுத்தவன் நிலத்துல வெளிப்படையா 12 வருஷம் உரிமையாளன் மாதிரி இருந்து, நிஜச் சொந்தக்காரன் ஒண்ணும் கேட்காம விட்டா, இருக்கிறவன் உரிமை கொண்டாடலாம். ஸ்பெயின் சட்டத்துல இது அசையும் பொருளுக்கும் உண்டு. நல்லெண்ணத்தோட வாங்கினவனுக்கு 3 வருஷம். நல்லெண்ணம் இருக்கா இல்லையாங்கிற கேள்வியே இல்லாம, வெளிப்படையா வெச்சிருந்தாலே போதும்னா 6 வருஷம். திருடினவனுக்கும், திருட்டுன்னு தெரிஞ்சே மறைச்சு வெச்சவனுக்கும்தான் இந்தச் சலுகை கிடையாது. மியூசியத்துக்கு அது திருட்டுப் பொருள்னு நிஜமாவே தெரிஞ்சிருந்தது என்பதை நிரூபிக்க முடியலைன்னு நீதிபதி முடிவு பண்ணினார். பின்பக்கத்தைப் பார்த்திருக்கணும், ஆனா பார்க்காதது மறைத்ததாகாது. 1993-லேர்ந்து 6 வருஷம், 1999. முடிஞ்சது கதை.

பேரன் க்ளோட் எப்பக் கண்டுபிடிச்சார் தெரியுமா? 2000-ஆம் வருஷ வாக்கில். தெரிஞ்சவர் ஒருத்தர் புஸ்தகத்துல இந்தப் படத்தைப் பார்த்துட்டு, "இது மாட்ரிட்ல இருக்கு"ன்னு சொன்னார். ஏறக்குறைய 60 வருஷமா காணாமப் போயிருந்த படம். ரெடியா இருந்த வாசல் ஒரு வருஷ வித்தியாசத்துல மூடிக்கிச்சு. ஸ்பெயின் அரசுக்கு 2001-ல் மனு கொடுத்தார், மறுத்துட்டாங்க. 2005-ல் கலிஃபோர்னியாவில் வழக்கு போட்டார். அப்பவே அவருக்கு 80 வயசு தாண்டியாச்சு. 2010-ல் தீர்ப்பு பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அப்புறம் அவர் பையன் டேவிட் நடத்த வேண்டியதாச்சு.

அமெரிக்காவில் பொதுவா சட்டம் இதுக்கு நேர் எதிர். திருடன் கிட்டேர்ந்து நல்ல உரிமை யாருக்கும் போகாது. பத்து கை மாறினாலும், பத்தாவது ஆள் தங்கமான மனுஷனா இருந்தாலும் சரி. ஆக வழக்கோட மொத்த பாரமும் ஒரே கேள்வியில வந்து நிக்குது. எந்த ஊர் சட்டம்? படம் பறிக்கப்பட்டதா, லில்லி சொந்தக்காரியாங்கிறதுல தகராறே இல்லை. எல்லாரும் ஒத்துக்கிறாங்க. இதைப் படிச்சப்பதான் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துச்சு. உண்மை என்னன்னு தெரியாம இழுத்தடிக்கிற வழக்கு வேற. உண்மையை எல்லாரும் ஒத்துக்கிட்டு இருபது வருஷம் இழுத்தடிக்கிற வழக்கு வேற.

2022 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், எந்த ஊர் சட்டம்னு தீர்மானிக்கிற விதியைக் கலிஃபோர்னியா விதிப்படியே பார்க்கணும்னு காஸிரர் குடும்பத்துக்குச் சாதகமாச் சொன்னாங்க. குடும்பம் மூச்சு விட்டது. ஆனா 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கலிஃபோர்னியா விதிப்படி பார்த்தாலும் ஸ்பெயின் சட்டம்தான் செல்லும்னுடுச்சு! அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஒருத்தர், சட்டப்படி இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கு, ஆனா ஸ்பெயின் தானா முன்வந்து படத்தைக் கொடுத்திருக்கணும்னு தனியா எழுதி வெச்சார். கையெழுத்துப் போட்டுட்டு வருத்தப்படறது.

அதுக்கப்புறம் கலிஃபோர்னியா சட்டமன்றமே இறங்குச்சு. இப்படிப் பறிக்கப்பட்ட கலைப்பொருட்கள் வழக்குல கலிஃபோர்னியா சட்டம்தான் செல்லும்னு புதுச் சட்டம். 2024 செப்டம்பரில் கவர்னர் கையெழுத்துப் போட்டார். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து பண்ணி, புதுச் சட்டத்தை வெச்சு மறுபடி பாருங்கன்னு கீழே திருப்பி அனுப்பிச்சு. பாம்பு ஏணி ஆட்டம் மாதிரி.

இப்ப எதிர்த்தரப்பையும் பார்க்கணும் இல்லையா? ஒருபக்கமாவே பேசிட்டுப் போனா நல்லா இருக்காது. நண்பர் ஒருத்தர்கிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப மூணு கேள்வி கேட்டார். மூணும் நியாயமான கேள்விதான்.

முதல் கேள்வி: "அந்தம்மாதான் 1,20,000 மார்க் வாங்கிட்டாங்களே?" வாங்கினாங்க. அது ஜெர்மனி அரசாங்கம், செய்த அநியாயத்துக்காகக் கொடுத்தது. மியூசியம் கொடுத்த விலை இல்லை. தவிர, படம் அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நம்பின நேரத்துல வந்த பணம். உரிமையை விட்டுக் கொடுத்ததா எங்கயும் எழுதலை, கோர்ட்டும் அதை ஒத்துக்கிச்சு. அந்தத் தொகையை வேணும்னா குடும்பம் ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்னு சொல்லலாம். அதுக்காகப் படம் ஸ்பெயினோடதாயிடுமா?

ரெண்டாவது: "ஸ்பெயின் மக்கள் வரிப்பணம் போட்டு வாங்கினதாச்சே, அவங்க என்ன தப்பு பண்ணினாங்க?" உண்மைதான். அவங்க யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பறிக்கலை. ஆனா 30 கோடி டாலருக்கு மேல் போட்டு வாங்கிறவங்க, பட்டா நிலம் வாங்கிறவன் செய்யற அளவுக்காவது திருப்பிப் பார்க்க வேண்டாமா? விசாரிக்காதவனுக்குத்தான் சட்டம் சாதகம்னா, விசாரிக்கிறவன்தான் முட்டாள்னு ஆகிடும். நஷ்டம்னா வித்தவங்க வாரிசுகிட்ட கேட்கட்டும்.

மூணாவதுதான் கஷ்டமான கேள்வி. "எல்லாத்தையும் தோண்டிக்கிட்டே போனா எங்கதான் நிறுத்தறது? எதுக்காவது ஒரு கால எல்லை வேணாமா?" வேணும்தான். வருஷக் கணக்கே இல்லைன்னா யாரும் நிம்மதியா ஒரு வீடு கூட வாங்க முடியாது. ஆனா கால எல்லைக்குப் பின்னாடி இருக்கிற நியாயம் என்ன? "கேட்க முடிஞ்சும் நீ கேட்கலை, அதனால இழந்தே." கேட்க முடியாதவனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? லில்லி கேட்டாங்க, 1948-லயே. கோர்ட்டுல ஜெயிச்சாங்க. படம் இருக்கிற இடம்தான் தெரியலை. தெரியாம போனதுக்குக் காரணம், அந்தப் பின்பக்க லேபிள்களை யாரோ பிய்ச்சு எடுத்தது. அடையாளத்தை அழிச்ச செயலாலேயே காலம் ஓடி, அந்தக் காலத்தாலேயே உரிமை மாறுதுன்னா, சட்டம் லேபிளைப் பிய்ச்சவனுக்குப் பரிசு கொடுக்குதுன்னுதானே அர்த்தம்?

எல்லா நாடும் இப்படி இல்லைங்கிறதையும் சொல்லணும். ஆம்ஸ்டர்டாமில் ஜாக் கௌட்ஸ்டிக்கர்னு ஒரு பெரிய ஓவிய வியாபாரி இருந்தார், யூதர். 1940 மே மாதம் நாஜிப் படை நெதர்லாந்துக்குள்ள நுழைஞ்சப்ப மனைவி, கைக்குழந்தையோட கப்பல் ஏறினார். இருட்டுல கப்பல் தளத்துத் திறப்புல தவறி விழுந்து இறந்துட்டார். அவர்கிட்ட ஒரு கறுப்பு நோட்டு இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களோட பட்டியல். அவர் விட்டுட்டுப் போன சேகரிப்புல முக்கால்வாசி கோரிங் கைக்குப் போச்சு. போருக்கு அப்புறம் விதவை மனைவி 1952-ல் டச்சு அரசோட ஒரு சமரசம் பண்ணிக்க வேண்டியதாச்சு. சட்டப்படி அதோட முடிஞ்ச கதை. ஆனா 2006-ல் டச்சு அரசு, சட்டம் முடிஞ்சாலும் நியாயம் முடியலைன்னு 202 ஓவியங்களைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. மியூசியம் சுவர்கள்லேர்ந்து கழட்டிக் கொடுத்தாங்க. நெதர்லாந்து ஒண்ணும் மூழ்கிப் போகலை :-)

1998-ல் வாஷிங்டன் மாநாட்டில் 44 நாடுகள் கூடி, நாஜிகள் பறித்த கலைப்பொருட்களுக்கு "நியாயமான தீர்வு" காண்போம்னு ஒத்துக்கிட்டாங்க. ஸ்பெயினும் அதுல உண்டு. 2009-ல் தெரஸின் பிரகடனம், அதிலும் உண்டு. லில்லியின் சகோதரி செத்த அதே ஊர்ப் பேர்ல ஒரு பிரகடனம்! இது ரெண்டும் சட்டம் இல்லை, வாக்கு. 2019 நீதிபதியும் இதைத்தான் சொன்னார். ஸ்பெயின் தன் வாக்குப்படி நடந்துக்கலை, ஆனா நடக்க வைக்க எனக்கு அதிகாரம் இல்லைன்னு.

எனக்கு இதுல தோணுறது ஒண்ணுதான். இந்த வழக்கை ஆரம்பத்துலேர்ந்தே முடிக்கிற அதிகாரம் ஒரு கோர்ட்டுக்கும் தேவைப்படலை. 2001-ல் அந்த மனு வந்தப்பவே ஒரு மந்திரியோ ஒரு டைரக்டரோ படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துட்டு, "இது உங்க பாட்டி வீட்டுப் படம்தான்"னு சொல்லியிருக்கலாம். படத்தைக் கொடுத்திருக்கலாம். இல்லை, நியாயமான விலை பேசி மாட்ரிட்லயே வெச்சிருந்திருக்கலாம். க்ளோட் உயிரோட இருந்தார். அவர் ஹால்ல மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்த கண்ணு, இன்னொரு தடவை பார்த்திருக்கும். சட்டம் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அந்த ஒண்ணை இனிமே யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

படத்தோட மதிப்பு 3 கோடி டாலர் இருக்கும்னு பத்திரிகைகள்ல எழுதறாங்க. குடும்பம் பணத்துக்காகத்தான் கேட்குதுன்னு சொல்றவங்களும் உண்டு. இருக்கட்டுமே. தன் பொருளைக் கேட்கிறவன் எதுக்குக் கேட்கிறான்னு விளக்கம் சொல்லணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அதைக் கேட்கறவங்க, பறிச்சவன் எதுக்குப் பறிச்சான்னு முதல்ல கேட்கட்டும்.

அடுத்த தடவை எந்த மியூசியத்துக்குப் போனாலும், படத்துக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்களே, யார்கிட்டேர்ந்து எப்ப வந்ததுன்னு, அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 1933-லேர்ந்து 1945 வரைக்கும் உள்ள வருஷங்கள் அதுல இருக்கா இல்லையான்னு பாருங்க. இல்லைன்னா அங்க இருக்கிற ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு கிடையாது. எங்கப்பா அந்த ஒரு கேள்வியைக் கேட்டே நாப்பது வருஷம் பொழப்பு நடத்தினார்.

என்ன சொல்றீங்க, ஆறு வருஷம் போதுமா?